அரக்குத் தட்டிலிருந்து இணையக் கடை வரை

நம் சங்கத்து அன்பர்களிடையே பழைய கிராமபோன் தட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். ‘வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, அவற்றுக்கு ஏதாவது விலை கிடைக்குமா?’ என்பது முதல் கேள்வி. ‘அதில் உள்ள பாட்டைச் சுத்தம் செய்து இன்டர்நெட் மூலம் விற்க முடியுமாமே, உண்மையா?’ என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. பெரும்பாலான தட்டுகளுக்குப் பழைய பொருள் கடைக்காரர் தருவது சொற்பத் தொகைதான். இரண்டாவது கேள்விக்கு இந்த இதழின் சில பக்கங்கள் வேண்டும். ரயில்வேயில் இயந்திரப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு, இந்த வேலையைச் சில வருஷங்களாகக் கையாலேயே செய்து பார்த்து வருகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் பிரான்சில் இருக்கிறது. ஆண்ட்ரூ ரோஸ் என்ற ஆங்கிலேயர் லண்டன் பி.பி.சி.யில் ஒலிப் பொறியாளராக இருந்தவர். அந்த வேலையை விட்டுத் தென்மேற்குப் பிரான்சில் தோர்தோஞ் என்ற கிராமப்புறப் பகுதிக்குக் குடிபோய், ‘பிரிஸ்டைன்’ என்ற பெயரில் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். மேலை நாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தின் பழைய பதிவுகளைச் சீர்செய்து இணையம் வழியாக உலகம் முழுவதும் விற்கிறார். பெரிய கட்டிடமோ தொழிற்சாலையோ இதற்குத் தேவைப்படவில்லை. நல்ல காதும், நல்ல கருவிகளும், பொறுமையும்தான் மூலதனம்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பழைய பாட்டுகள்தான் இணையத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கின்றனவே, காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? வாங்குகிறார்கள். பாட்டுக்காக மட்டும் அல்ல. இந்தப் பதிவு சரியான சுருதியில் ஓடுகிறது, பாடியவர் இன்னார்தான், இரைச்சலை எடுக்கும்போது குரலையும் சேர்த்து எடுத்துவிடவில்லை என்ற நம்பிக்கைக்காக வாங்குகிறார்கள். இந்தத் தொழிலில் விற்கும் சரக்கே அதுதான். அது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

முதலில் தட்டு. 1960கள் வரை நம் நாட்டில் விற்ற 78 சுற்றுத் தட்டுகளைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது அரக்கு. கல்கத்தாவில் வசிக்கும் நமக்கு இதில் ஓர் உறவு உண்டு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கு இந்தத் துறைமுகம் வழியாகத்தான் வெளிநாடுகளுக்குப் போயிற்று. உலகம் பூராவும் பாடிய தட்டுகளில் நம் பக்கத்துக் காட்டுப் பூச்சியின் உழைப்பு இருக்கிறது. அரக்குடன் கல்மாவும் கரியும் கலந்து அழுத்தியதுதான் தட்டு.

ஆகவே அதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. தச்சர் பிரெஞ்சு பாலிஷ் தயாரிக்கும்போது அரக்குச் சில்லுகளை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே? தட்டுக்கும் அதே கதிதான். வினைல் தட்டுக்கு ஏற்ற துப்புரவுத் திரவங்கள் பலவற்றில் இந்தச் சாராயச் சத்து இருப்பதால் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அரக்குத் தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீர், அதில் மென்மையான சோப்புத் திரவம் சில துளிகள், மிருதுவான பிரஷ், இவை போதும். சுருள் பள்ளம் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். நடுவில் உள்ள காகிதம் நனையக் கூடாது. உடனே நல்ல நீரால் அலசி, ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்துங்கள்.

அடுத்தது ஊசி. வினைல் எல்.பி. தட்டுக்கு உரிய ஊசியின் முனை ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குச் சுமார் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆரம் வேண்டும். சிறிய ஊசியை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, அங்குள்ள அழுக்கின் சத்தத்தைத்தான் கேட்டுச் சொல்லும். தேர்ந்தவர்கள் ஆயிரத்தில் இரண்டு பங்கிலிருந்து நான்கு பங்கு வரை பல அளவு ஊசிகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். காரணம் ரயில்காரர்களுக்கு எளிதில் புரியும். தண்டவாளம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரம் எங்கே உரசுகிறதோ அங்கேதான் தேயும். நம் தாத்தாக்கள் நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள சவுண்ட் பாக்ஸில் எஃகு ஊசியைச் செருகி ஓட்டி ஓட்டிப் பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தேய்த்துவிட்டார்கள். வேறு ஆரமுள்ள ஊசி அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ, தேயாத பகுதியைத் தொடும். கரகரவென்று இருந்த குரல் திடீரென்று தெளிவாகும். எந்தக் கணிப்பொறியும் செய்யாத வேலையை ஓர் ஊசி மாற்றம் செய்துவிடும்.

ஸ்டீரியோ பிக்கப் கொண்டே எடுக்க வேண்டும். தட்டு மோனோதானே என்று கேட்பீர்கள். இரண்டு சுவரையும் தனித்தனியாகப் பதிந்துகொண்டால் எந்தச் சுவர் குறைவாகத் தேய்ந்தது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் சேர்த்தால் ஊசி மேலும் கீழுமாகக் குதிப்பதால் வரும் சத்தம் பெருமளவு தானே கழிந்து போகும்.

இப்போது நம் சங்கீத ரசிகர்களுக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேகம். எழுபத்தெட்டு என்று பெயர் இருப்பதால் எல்லாத் தட்டும் நிமிஷத்துக்கு 78 சுற்று என்று எண்ணிவிடக் கூடாது. ஆரம்ப காலத்தில் எழுபதுக்குச் சற்று மேல் தொடங்கி எண்பதைத் தாண்டியும் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னால் மின்சார மோட்டார் வந்து ஓர் ஒழுங்கு ஏற்பட்டபோதும் நாட்டுக்கு நாடு சிறு வித்தியாசம் இருந்தது. 50 சைக்கிள் மின்சாரம் உள்ள நாடுகளில் 77 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் வட்டத்தை வைத்து வேகத்தைச் சரி பார்த்தார்கள். விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும், நிமிஷத்துக்கு 6,000, அதை 77-ஆல் வகுத்தால் 77.92. அமெரிக்காவின் 60 சைக்கிளுக்கு 92 கோடுகள். 7,200-ஐ 92-ஆல் வகுத்தால் 78.26. இந்த வித்தியாசம் அற்பமானது. ஆனால் மேலே சொன்ன பழைய தட்டுகளின் வித்தியாசம் அற்பமல்ல.

ஹார்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்குப் போவது என்றால் அதிர்வு சுமார் 6 சதவீதம் கூடுகிறது. அதாவது 78-ல் பதிந்த தட்டை 82½-ல் ஓட்டினால் பாடகர் அரைக் கட்டை ஏறிவிடுவார். கூடவே மூன்றேகால் நிமிஷப் பாட்டில் பதினோரு நொடி குறையும், பிருகாக்கள் இன்னும் வேகமாக உருளும். கேட்பவர், ‘ஆகா, அந்தக் காலத்துச் சாரீரம்!’ என்று தலையாட்டுவார்! மேல் ஸ்தாயியில் பாடிப் புகழ் பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல், தம் இருபத்தேழாம் வயதில் காலமானார். அவர் எட்டிய உயரம் எவ்வளவு என்பதற்கு இன்று நமக்குள்ள சாட்சி அந்தத் தட்டுகள்தாம். அவற்றை வேகமாக ஓட்டினால் இல்லாத பெருமையைச் சேர்க்கிறோம். மெதுவாக ஓட்டினால் உள்ள பெருமையைக் குறைக்கிறோம். இரண்டும் அவருக்குச் செய்யும் அநியாயம்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி என்று எதுவும் கிடையாது. பல தடயங்களை ஒன்றுசேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். பாடகர் மற்றத் தட்டுகளில் எந்தக் கட்டையில் பாடியிருக்கிறார், நாடகப் பாட்டானால் பக்கத்தில் ஒலிக்கும் ஹார்மோனியம் எந்த ஸ்தானத்தில் நிற்கிறது, அதே நாளில் பதிந்த அடுத்தடுத்த எண்ணுள்ள தட்டுகள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். 1925-க்குப் பின் வந்த மைக்ரோபோன் பதிவுகளில் இன்னொரு தடயம் கிடைக்கலாம். பதிவுக் கருவியில் புகுந்த மின்சாரத்தின் மெல்லிய ரீங்காரம் தட்டிலும் பதிந்திருக்கும். அது 50 சைக்கிளில் இருக்க வேண்டும். நம் கருவியில் 52 என்று காட்டினால் தட்டு 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். அக்காலத்தில் சில ஊர்ப் பகுதிகளில் டி.சி. மின்சாரமே இருந்தது என்பதால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நடுத்துளை சற்று விலகியிருந்தால் சுருதி நொடிக்கு 1.3 முறை ஊசலாடும்; பாடகரின் கமகம் என்று நினைத்துவிடாதீர்கள். துளையைச் சற்றே பெரிதாக்கித் தட்டை நகர்த்தி, பிக்கப் கை பக்கவாட்டில் ஆடாத இடம் பார்த்து வைத்தால் தீர்ந்தது.

இதையெல்லாம் கவனித்த பிறகுதான் கணிப்பொறி. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில் பதிந்தால் மூன்று நிமிஷப் பக்கம் ஒன்றுக்கு 104 மெகாபைட் போல இடம் பிடிக்கும். ஒரு டெராபைட் வட்டில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் அடங்கும். எனவே இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். இந்த முதல் பிரதியை எந்தத் திருத்தமும் செய்யாமல் தனியே பூட்டி வையுங்கள். பத்து வருஷம் கழித்து இதைவிட நல்ல மென்பொருள் வரும். அப்போது தட்டு உடைந்திருந்தாலும் இது இருக்கும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்களை அமைத்தவர்கள் பெரும்பாலும் மேலை நாட்டுச் சங்கீதத்தையும் பேச்சையும் மனத்தில் வைத்தவர்கள் என்பது என் ஊகம். நம் சங்கீதத்தில் அவை இடறும் இடங்களை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். ‘டிக் டிக்’ என்ற கீறல் சத்தத்தை நீக்கும் பகுதி, மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் கூர்மையான சொல்லையும் கீறல் என்றே எண்ணிக்கொள்ளும். திருகாணியைச் சற்று அதிகம் முறுக்கினால் மிருதங்கக்காரர் விரலில் துணி சுற்றிக்கொண்டு வாசிப்பது போலக் கேட்கும். தொடர்ந்து வரும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலை நீக்கும் பகுதியோ, இரைச்சல் எப்படி இருக்கும் என்று நாம் காட்டும் ஒரு துண்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, அதைப் போன்ற மாறாத ஒலியை எல்லாம் கழிக்கும். நம் கச்சேரியில் மாறாமல் ஒலிப்பது எது? தம்புரா! சுருதி தொடங்கிவிட்ட இடத்திலிருந்து துண்டை எடுத்துக் காட்டினால் மென்பொருள் சுருதியையே துடைத்துவிடும். எனவே ஊசி பள்ளத்தில் இறங்கி, சங்கீதம் தொடங்குவதற்கு முன் உள்ள ஓரிரண்டு நொடியிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும்.

வீணை இன்னும் நுட்பமானது. வீணை தனம்மாள் 1938-ல் காலமானார். 1930களில் அவர் வாசித்துப் பதிவான தட்டுகள் சில உள்ளன. வீணையில் ஒரு முறை மீட்டிய பின், ஒலி தேய்ந்துகொண்டே போகும்போதுதான் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிறார்கள். அந்தத் தேய்ந்த வால் பகுதி இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்திருக்கும். மென்பொருளுக்கு அது குப்பை. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது மீட்டுகள் மட்டுமே. சுத்தமாக இருக்கும், வீணையாக இருக்காது. என்னைக் கேட்டால் கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். பழைய தட்டைக் கேட்க வருகிறவருக்கு முதல் அரை நிமிஷம் இரைச்சல் கேட்கும். அதற்குப் பிறகு பாட்டுதான் கேட்கும். போன கமகம் திரும்ப வராது.

ஆண்ட்ரூ ரோஸ் 2007-ல் அறிமுகப்படுத்திய ஒரு முறைக்கு எக்ஸ்.ஆர். என்று பெயர். அதே இசைப்படைப்பின் நவீனப் பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் எந்த விகிதத்தில் உள்ளன என்று அளந்து, பழைய பதிவின் குறையை அதற்கேற்ப ஈடு செய்கிறார். பீத்தோவன் சிம்பனியை யார் வாசித்தாலும் ஸ்வரங்கள் ஒன்றுதான் என்பதால் அங்கே இது பலிக்கிறது. நம்மிடம் ஒரே கீர்த்தனையை இருவர் ஒரே மாதிரி பாடுவதில்லை; ஒருவரே இரண்டு நாள் ஒரே மாதிரி பாடுவதில்லை. ஆகவே அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே வாத்தியத்தின், அதே வகைக் குரலின் நல்ல பதிவைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது பயன் தரும்.

நம்பிக்கை என்று மேலே சொன்னேன். அது உடைந்த கதை ஒன்றும் உண்டு, அதை வெளிப்படுத்தியதில் ரோஸுக்கும் பங்கு உண்டு. ஜாய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞர் 2006-ல் காலமானார். வயதான காலத்தில் அவர் வாசித்தவை என்று அவருடைய கணவர் வெளியிட்ட ஏராளமான குறுந்தட்டுகளை விமரிசகர்கள் வானளாவப் புகழ்ந்தார்கள். 2007 பிப்ரவரியில் ஒரு ரசிகர் அவற்றில் ஒன்றைக் கணிப்பொறியில் போட்டபோது, திரையில் வேறொரு கலைஞரின் பெயர் வந்தது. ‘கிராமபோன்’ பத்திரிகை அந்தப் பதிவுகளை ரோஸிடம் அனுப்பியது. அவர் இரண்டின் ஒலி அலைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார், பொருந்தின. பிறர் வாசித்ததை எடுத்து, சிலவற்றில் வேகத்தை மாற்றி, மனைவியின் பெயரில் விற்றிருக்கிறார் என்பது தெரிந்தது. பின்னர் கணவரே ஒப்புக்கொண்டார். சீர்செய்யக் கற்றவனிடம் உள்ள அதே கருவிகள்தாம் ஏமாற்றவும் பயன்பட்டன. ஆகவே நீங்கள் விற்கும் ஒவ்வொரு பதிவோடும் எந்தத் தட்டிலிருந்து எடுத்தது, தட்டின் எண் என்ன, எந்த வேகத்தில் ஓட்டினீர்கள், எவற்றை நீக்கினீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். மாதிரிக்கு ஒரு பகுதியை இலவசமாகக் கேட்க விடுங்கள். பிரிஸ்டைனிலும் அப்படித்தான்.

இனி சட்டம். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1964-ல் வெளியான தட்டு 2025 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து. இத்துடன் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. தட்டில் உள்ள பாட்டுக்குத் தனி உரிமை உண்டு. அது எழுதியவர், இசையமைத்தவர் காலமான பிறகு 60 வருஷம் வரை நீடிக்கும். தியாகராஜர் 1847-ல் சித்தியடைந்தார், கவலை இல்லை. ஆனால் ‘ஹரிதாஸ்’ படத்துத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். படம் வந்தது 1944. ஒலிப்பதிவின் காலம் என்றோ முடிந்தது. பாடல்களை எழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல். அவர் சாகித்தியத்துக்கு 2033 முடிய உரிமை இருக்கிறது. உரியவர்களிடம் அனுமதி பெற்றுத்தான் விற்க வேண்டும்.

இணையக் கடை என்றால் வாங்குகிறவர் வெளிநாட்டில் இருப்பார். பெரும்பாலும் நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அந்நாட்டுச் சட்டமும் பேசும். ஐரோப்பிய நாடுகளில் 50 வருஷமாக இருந்ததை 2013 முதல் 70 ஆக்கினார்கள். 1962 வரை வெளியானவை ஏற்கெனவே விடுபட்டுவிட்டன. 1963-ல் வெளியானவை 2034-ல்தான் விடுபடும். ரோஸ் போன்றவர்களுக்குப் புதுச் சரக்கு வரும் வாசலை இருபது வருஷத்துக்கு மூடியது போல. அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டம் இன்னும் கடுமை: 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 வருஷம், 1947 முதல் 1956 வரை 110 வருஷம், அதற்குப் பின் 1972 பிப்ரவரி நடு வரை பதிவானவற்றுக்கு 2067 வரை. பெரிய அளவில் இறங்குமுன் வக்கீல் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

வருமானம்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பக்கத்துக்கு நாலு மணி நேர வேலை என்று வைப்போம். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு தொகுப்பு. 64 மணி நேரம். மணிக்கு 200 ரூபாய் கூலி என்றாலும் 12,800 ரூபாய். தொகுப்பு 200 ரூபாய்க்கு விற்றால் 64 பேர் வாங்கிய பிறகுதான் கூலி தேறும். கருவிகளின் விலை தனி. பீத்தோவனுக்கு உலகமெங்கும் ரசிகர்கள். கோயமுத்தூர் தாயியின் தட்டைத் தேடி வருகிறவர் எத்தனை பேர்? எனவே வேலையில் இருக்கும் இளைஞர்கள் வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்க வேண்டாம். ஓய்வூதியம் வருகிற என் போன்றவர்களுக்குப் பொருந்தும். அதிலும், பிறர் வீட்டுத் தட்டுகளைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பதிந்து கொடுப்பதில்தான் நிச்சயமான வரும்படி. விற்பனையை அதன் மேல் வருகிற உபரி என்று வைத்துக்கொள்ளலாம். பணமே வேண்டாம், பாட்டு நிலைத்தால் போதும் என்பவர்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம்.

எதைச் செய்வதானாலும் தட்டில் உள்ள எழுத்தை விட்டுவிடாதீர்கள். 1902 நவம்பரில் இதே கல்கத்தாவில் ஃப்ரெட் கைஸ்பர்க் வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது, தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவர் நகரில் அச்சாயின. இங்கே சியால்தாவில் தொழிற்சாலை வந்தது 1908-ல்தான். பாட்டின் முடிவில் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார்; முன்பின் தெரியாத மொழிப் பாட்டு யாருடையது என்று ஜெர்மானியத் தொழிலாளி அறிய அது உதவியது. சத்தம் என்று நினைத்து அந்தக் கடைசி நொடிகளை வெட்டியவர்கள் உண்டு. பின்னாளில் அந்த வேலையை எண்கள் செய்தன. காகிதத்துக்குச் சற்று வெளியே, பள்ளம் முடிகிற வழுவழுப்பான இடத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பக்கவாட்டில் விளக்குப் பிடித்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். காகிதத்தை இருபுறமும் புகைப்படம் எடுங்கள். வேலை முடிந்ததும் தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி, ஒவ்வொன்றையும் தனிக் காகித உறையில் இட்டு, வெயில் படாத அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். பரண் வேண்டாம்; நம்மூர்ச் சித்திரை வெயிலில் அங்கே அரக்கு வளைந்துவிடும்.